மூடி இல்லாத எஞ்சினும் மூடியே கிடக்கும் பெட்டியும்

போன வாரம் என் மேசைமேல் கிடக்கும் பொம்மைக் காடிகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் அரசியல் இல்லை, சினிமா இல்லை, நடிகை கல்யாணம்கூட இல்லை. எல்லாம் காடி. அனுபவிக்கிறேன்.

ஜெலுத்தோங் வாசகர்: ஹாட் ராட் காடிகளுக்கு எஞ்சின் மூடி ஏன் இல்லை? திருடு போய்விட்டதா?

சொந்தக்காரனே கழற்றிப் போட்டான். கலிபோர்னியாப் பையன்கள் 1930-களில் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ காடிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேகத்துக்கு உதவாத அத்தனையையும் பிடுங்கினார்கள். மட்கார்டு போயிற்று, பம்பர் போயிற்று, மூடியும் போயிற்று. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரணக் காடிக்குள்ளேயே வி-8 எஞ்சினை வைத்தது. வெறும் 65 குதிரைத்திறன்தான். ஆனால் எடை குறைந்த காடிக்கு அது அசுரபலம். 1937-இல் சங்கம் அமைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் நேரம் குறித்து ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் கையில் காசும் மெக்கானிக் வேலையும் இருந்தன. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்றே ஒரு பத்திரிகை வந்துவிட்டது.

நம் தாமான் பையன் கப்சாய் மோட்டாரில் கண்ணாடியைக் கழற்றி, சைலன்சரைக் குடைந்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஊரை எழுப்புகிறானே, அதே புத்திதான். அமெரிக்காக்காரன் தாத்தாவானதும் அவன் காடியைக் கண்காட்சியில் வைத்தார்கள். நம் பையனுக்குச் சம்மன்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: உங்களுக்குப் பிடித்த நிறம்?

பிரைமர் சாம்பல். மேலே வேறு நிறம் அடிக்கும்வரை எல்லாக் காடியும் அழகு.

பாயான் லெப்பாஸ் வாசகர்: ஜார்ஜ்டவுனில் இல்லாத என்ன பெருமை உங்கள் பிறையில் இருக்கிறது?

வந்துவிட்டார் தீவுக்காரர். ஐயா, உங்கள் பேரன் கட்டிலுக்கு அடியில் கையை விடுங்கள். ஒரு ஹாட் வீல்ஸ் காடி அகப்படும். திருப்பி, அடிவயிற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள். 'மலேசியா' என்று இருந்தால் பிறையை நினைத்துக்கொள்ளுங்கள். 1968-இல் எலியட் ஹேண்ட்லர் 16 காடிகளோடு ஆரம்பித்த அந்தப் பொம்மை, 1980-களிலிருந்து எங்கள் பிறைத் தொழிற்பேட்டையில் மேட்டல் ஆலையில் வார்க்கப்பட்டு உலகம் முழுக்கப் போகிறது. டெட்ராய்ட் கனவு கண்டது, கலிபோர்னியா படம் போட்டது, பிறை செய்து கொடுத்தது. உங்கள் தீவு என்ன செய்தது? நாசி கண்டார். ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய விஷயம்தான்.

இன்னொன்று. பினாங்குப் பாலத்து டோல் தீவுக்குப் போகும் பக்கம் மட்டும்தான். பிறைக்கு வர இலவசம். அப்படியும் ஒருத்தரும் வருவதில்லை.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: 1/64 என்றால் என்ன? கணக்கில் நான் கொஞ்சம் மட்டு.

நிஜத்தின் 64-இல் ஒரு பங்கு. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். 64-ஆல் வகுத்தால் 211 மீட்டர், உங்கள் தாமான் கடைசிவரை போட்டுவிடலாம். கொம்தார் கோபுரம் மூன்றரை மீட்டருக்கு மேல், ஹாலில் நிற்காது, கூரையைத் தட்டும். ஐந்தரை அடி ஆள் இரண்டரை சென்டிமீட்டர். தொப்பையும் அதே விகிதத்தில் சுருங்கும் என்பதால் எனக்கு இந்த அளவு மிகவும் பிடிக்கும். டோலை மட்டும் எவனும் 64-ஆல் வகுக்க மாட்டான்.

ஆனால் ரகசியம் ஒன்று உண்டு. ஹாட் வீல்ஸ் உண்மையில் 1/64 இல்லை. எல்லாக் காடியும் ஒரே பொதிக்குள் அடங்க வேண்டுமே. பஸ்ஸைக் குறுக்கி, மினியை ஊத வைத்து, இரண்டையும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒழுங்கான அளவு வேண்டுமென்றால் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்டுக்குப் போங்கள். அங்கே 1/24, 1/25 என்று இரண்டு கட்சி. 1/24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம், கணக்கு சுலபம். 1/25 என்பது அமெரிக்கக் காடிக் கடைகள் புது மாடலைக் காட்டக் கொடுத்த குட்டிக் காடிகளின் அளவு. அந்தக் காடிகளைச் செய்த ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இல் கிட் போட ஆரம்பித்தபோதும் அதையே வைத்துக்கொண்டது. ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டப் பாகங்கள்: கடையில் வந்தபடி, அலங்காரமாக, பந்தயத்துக்கு. இரண்டு விதப் பாகங்கள் எப்போதும் மிஞ்சும். அவற்றைத் தூக்கி எறிபவன் இந்தப் பொழுதுபோக்குக்கு லாயக்கில்லாதவன்.

சுங்கைப் பட்டாணி வாசகர்: பெட்டியைத் திறக்காமல் வைத்தால் விலை ஏறுமாமே? முதலீடாக 200 காடி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த கேள்வி.

அதே வாசகர், அதே கடிதத்தில்: 'டிரெஷர் ஹண்ட்' காடி கிடைக்க என்ன வழி?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. 1995-இல் மேட்டல் நிறுவனம் சில காடிகளைக் குறைந்த எண்ணிக்கையில் செய்து கடைச் சரக்கோடு கலந்துவிட்டது. அன்று முதல் இந்த உலகில் ஒரு புதிய ஜீவராசி உண்டு. ஐம்பது வயது, கண்ணாடி, கையில் காப்பிப் பொட்டலம். ஹைப்பர்மார்க்கெட் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே போய், ஆறு வயதுப் பிள்ளையை முழங்கையால் தள்ளிவிட்டு, கொக்கியில் தொங்கும் நூறு பொதிகளையும் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டும். கிடைத்ததா? அலமாரியில் பூட்டும். வருடத்துக்கு ஒருமுறை தூசு தட்டும். உருள்வதற்காகச் செய்த சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் கிடக்கும். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும்.

திறங்கள் ஐயா. இருநூறையும். என் செலவில் கத்தரிக்கோல் அனுப்புகிறேன்.

தஞ்சோங் பூங்கா வாசகர்: லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் 1932 ஃபோர்டு கிட் ஒன்று 80 வெள்ளிக்கு வாங்கினேன். டயர் சக்கரத்தோடு உருகி ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கர் மஞ்சள் பூத்திருக்கிறது. ஏமாந்தேனா?

எண்பது வெள்ளிக்கு அந்தக் கிட் எனக்குக் கிடைத்திருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், ஒட்டிக்கொண்டிருப்பேன். பழைய கிட்டுகளில் டயர் மென்மையான வினைல். அதிலிருக்கும் எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் கசிந்து, பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். மெல்லப் பிரித்து, கடிபட்ட இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். இனி டயரையும் மற்ற பாகங்களையும் தனித்தனிப் பையில் வையுங்கள். மஞ்சள் ஸ்டிக்கரைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வையுங்கள், வெளுத்துவிடும். குரோம் பூச்சு உரிந்திருந்தால் துணி வெளுக்கும் குளோராக்ஸில் ஊற வையுங்கள், மிச்சமும் போய்விடும். போகட்டும். பளபளக்கும் குரோம் எனக்கு ஆகாது, கல்யாண மண்டபத்து எவர்சில்வர் ஞாபகம் வருகிறது.

மழை வரும் மாலையில் மட்டும் பெயிண்ட் ஸ்பிரே அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் லேக்கரில் சிக்கினால் கருப்புக் காடி விபூதி பூசிக்கொண்டு நிற்கும்.

பட்டர்வொர்த் வாசகர்: நிஜக் காடியைப் பார்த்துத்தானே பொம்மை செய்கிறார்கள்? இதில் என்ன கலை?

ஆகா. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். டாம் டேனியல் என்ற வடிவமைப்பாளர் மோனோகிராம் நிறுவனத்துக்காக 'ரெட் பேரன்' என்று ஒரு கிட் வரைந்தார். முதல் உலகப் போர் விமானத்தின் எஞ்சின், தலைக்கு மேலே கூரையாக ஒரு ராட்சத ஜெர்மன் இரும்புத் தொப்பி. அப்படி ஒரு காடி பூமியில் கிடையாது. கிட் சக்கைபோடு போட்டது. அதைப் பார்த்து, சக் மில்லர் என்பவர் நிஜமாகவே ஒரு காடியைக் கட்டிக் கண்காட்சியில் நிறுத்தினார். 1970-இல் அது ஹாட் வீல்ஸாகவும் வந்தது. பிளாஸ்டிக் முந்தி, இரும்பு பிந்தி! பிள்ளையைப் பார்த்து அப்பன் பிறந்த கதை உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

எட் ராத் என்ற காடி வடிவமைப்பாளர் கதை வேறு. அவர் நிஜமாகவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குமிழிக் கூரை வைத்து 'பீட்னிக் பேண்டிட்' காடியைக் கட்டினார். ரெவெல் நிறுவனம் கிட் போட்டது. 1968-இன் முதல் 16 ஹாட் வீல்ஸ்களில் அதுவும் ஒன்று. கிட் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்த உரிமத்தொகை ஒரு அமெரிக்கக் காசு. பத்தி எழுதுகிறவனுக்கு இதைப் படிக்கும்போது ஒரு தோழமை உணர்ச்சி வருகிறது. ஆசிரியர் கவனிக்க.

நிபோங் திபால் வாசகர்: மனைவிக்குத் தெரியாமல் கிட் வாங்கி எங்கே ஒளித்து வைப்பது?

அவருக்குத் தெரியும்.

பிறை வாசகி: என் அம்மா இங்கே பொம்மைக் காடி ஆலையில் பல வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவர். சேகரிப்பவர்கள் வடிவமைப்பாளர் பெயரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். என் அம்மா பெயர் எங்கே இருக்கும்?

எங்கும் இருக்காது, தங்கச்சி. அதை மழுப்ப எனக்கு மனமில்லை. லேரி வுட் 1969-இல் சேர்ந்து நாற்பது வருடம் வரைந்தார், 'மிஸ்டர் ஹாட் வீல்ஸ்' என்றே அவரை அழைக்கிறார்கள். தகுதியான மனிதர். ஆனால் அவர் வரைந்த கோடு காடியாவதற்கு, துத்தநாகக் கலவை 400 டிகிரிக்கு மேல் உருகி அச்சுக்குள் பாய வேண்டும், பிசிறு நீங்க வேண்டும், பெயிண்ட் ஏற வேண்டும், சிலிக்கோன் மெத்தையால் கோடும் எழுத்தும் ஒற்ற வேண்டும், கண்ணாடி, உள்பகுதி, சக்கரம், அடித்தட்டு எல்லாம் அடுக்கி ரிவெட் அடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள். தோட்டத்து லயத்து வாசலில், இருட்டோடு தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கை படாமல் ஒன்றும் உருண்டதில்லை.

ஒரு வழி சொல்கிறேன். 2008-லிருந்து காடியின் அடித்தட்டில் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டைச் சொல்லும், எண் வாரத்தைச் சொல்லும். அம்மா அந்தக் காலத்திலும் வேலையில் இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தால், அவர் வேலை பார்த்த ஒரு வாரத்துக் காடியைத் தேடி வாங்கி அவர் கையில் கொடுங்கள். முந்தியே நின்றுவிட்டார் என்றால் 'மலேசியா' என்றிருக்கும் பழைய காடி எதுவானாலும் சரி. எந்தப் பாகத்தில் என்ன வேலை செய்தார் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பெயரோடு எனக்கு அனுப்புங்கள். இந்தப் பத்தி முழுவதையும் அதற்கே விட்டுவிடுகிறேன், என் ஜோக்குகள் ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் கடைசியாக ஒரு கிட்டை முழுசாகக் கட்டி முடித்தது எப்போது?

இடம் தீர்ந்துவிட்டது என்கிறார் ஆசிரியர். தங்கமான மனிதர்.