பின்னுக்குப் போகாத மணிக்கூடு

நயினாதீவில் நேரம் பார்க்க மணிக்கூடு தேவைப்பட்டதில்லை. குறிகட்டுவானிலிருந்து வள்ளம் வந்தால் காலை, கடைசி வள்ளம் போனால் பின்னேரம். ஆனாலும் மலாயாவில் உழைத்துப் பென்சனோடு ஊர் திரும்பியவரின் விறாந்தையில் ஒரு சுவர் மணிக்கூடு தொங்கியே ஆகவேண்டும். அது நேரத்தைச் சரியாகக் காட்டாவிட்டாலும் பென்சனைக் காட்டும்.

எங்கள் அப்பப்பா கொண்டுவந்தது அமெரிக்க அன்சோனியா. அந்தக் கம்பனி 1929இல் நொடிந்தபோது அதன் யந்திரங்களைச் சோவியத் ரஷ்யா வாங்கிக்கொண்டது. இதைக் கேள்விப்பட்ட நாள்முதல், பழைய இடதுசாரியான பெரியப்பா மணிக்கூட்டைத் 'தோழர்' என்றுதான் கூப்பிட்டார். தோழருக்கு முகத்தில் இரண்டு துவாரம்: ஒன்றில் முறுக்கினால் ஓடும், மற்றதில் முறுக்கினால் மணி அடிக்கும். திறப்பு பெரியப்பாவின் அரைநாண்கயிற்றில். கடற்காற்றில் பித்தளை களிம்பேறாமலும் உருக்குச் சுருள் துருப்பிடிக்காமலும் இருக்க, பெட்டிக்குள் ஒரு சின்னச் சிரட்டையில் மண்ணெண்ணெய்ப் பஞ்சு வைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டில் நேரத்துக்கு ஒரு மணமும் உண்டு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கொழும்பு நேரத்தில் கை வைக்கும்வரை. 1996 மே 25இல், மின்சாரம் மிச்சம்பிடிக்கவென்று, நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். எங்கள் வீட்டில் எரிந்தது குப்பி விளக்கு. அதில் எதை மிச்சம்பிடிப்பது? பெரியப்பா அரசாங்கப் பென்சன்காரர். கட்டளைக்குப் பணிந்து முள்ளை நகர்த்தினார். ஒவ்வொரு அரை மணிக்கும் நிறுத்தி, தோழர் அடித்து முடிக்கும்வரை காத்துநின்றுதான் நகர்த்தினார்.

வில்லங்கம் அக்டோபர் 26இல் வந்தது: அரை மணித்தியாலம் பின்னுக்கு!

"பின்னுக்குத் திருப்பேலாது தம்பி. உள்ளே அடிக்கிற சில்லு நெரிஞ்சுபோகும்."

ஊசலைப் பிடித்து அரை மணித்தியாலம் நிறுத்திவைத்தால் போதும். ஆனால் ஓடுகிற மணிக்கூட்டை நிறுத்துவது வீட்டுக்கு ஆகாது என்று பெரியம்மா குறுக்கே நின்றார். மிஞ்சியது ஒரே வழி: பதினொன்றரை மணித்தியாலம் முன்னுக்குச் சுற்றுவது. அன்றிரவு தோழர் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை விடாமல் அடித்தார். பக்கத்து வீட்டு ஆச்சி விடிந்துவிட்டதென்று எழும்பி முற்றம் கூட்டத் தொடங்கிவிட்டா.

வன்னியில் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே பழைய நேரம்தான். வன்னிக்குப் போய்வருகிறவர்கள் வழியில் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அம்மா ராகுகாலத்துக்குப் பழைய நேரமும் பள்ளிக்கூடத்துக்குப் புது நேரமும் பார்த்தா. எனக்கு வசதியாக இரண்டிலும் பிந்தமுடிந்தது. 2006 ஏப்ரல் 15இல் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. மறுபடியும் அரை மணித்தியாலம் பின்னுக்கு, மறுபடியும் பதினொன்றரை மணித்தியாலச் சுற்று. இந்தமுறை பெரியப்பா ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

பிறகு ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்தான். அங்கே பழைய மணிக்கூடு சேர்க்கிறானாம். கண்ணாடியில் உரிந்துகிடந்த தங்கப் பூச்சைத் தடவி, "மாமா, இதுதான் இதின்ர பெறுமதி, துடைச்சுப்போடாதேங்கோ" என்றான். பெரியம்மாவுக்கு முகம் கறுத்தது. வருசக்கணக்காக அதைத் துடைத்துவந்தவர் அவர். மச்சான் சொன்ன விலையைக் கேட்டதும் கறுப்பு வெளுத்தது.

பெரியப்பாவும் அரைமனதாகத் திறப்பை அவிழ்த்தார். கொடுக்கும்போது சும்மா ஒரு கேள்வி: "அங்கை நேரம் மாத்துறதில்லைத்தானே?"

"வருசத்தில இரண்டு தரம், மாமா. மார்ச்சில ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, நவம்பரில ஒரு மணித்தியாலம் பின்னுக்கு."

"பின்னுக்கோ? வருசா வருசமோ?"

திறப்பு திரும்பவும் அரைநாண்கயிற்றில் ஏறியது. மச்சானுக்கு ஒரு மூட்டை புழுக்கொடியலும் கடைசி வள்ளத்தில் இடமும் கிடைத்தன.