ஒலியின்மையியல்: ரந்தாவ் பக்கத்துக் கோயில் கணினியை முன்வைத்துச் சில பூர்வாங்கக் குறிப்புகள்

ஒலி எங்கே பிறக்கிறது என்று சொல்லத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலையே ஒதுக்கினார். உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்று எங்கெங்கே நின்று எழுத்தாகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. பிறந்த ஒலி கணினிக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நூற்பா இல்லை. உரையெழுதிய இளம்பூரணரும் மூச்சு விடவில்லை. உலகத் தமிழாராய்ச்சி மாநாடு முதன்முதலாக 1966இல் கோலாலம்பூரில் கூடியது; 1987இலும் 2015இலும் மறுபடி அதே ஊரில். ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் நாங்கள் இருந்தும் எங்கள் ஆம்ப்ளிபயரை எட்டிப் பார்க்க ஒரு பேராளரும் வரவில்லை. அந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

களம், ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆடித் திருவிழாவுக்கு மட்டும் சிரம்பானிலிருந்தும் நீலாயிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். காலம், கூழ் கொதிக்கும் நேரம். சிக்கல், திரையில் பாட்டு ஓடுகிறது, கூம்பு ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை.

ஒலியின்மை நான்கு வகைப்படும். முதலாவது ஊமை: திரை மூலையில் யாரோ ஒலியை அடைத்து வைத்தது. இரண்டாவது, ஆம்ப்ளிபயருக்குச் சுவிட்சு போடாதது. இதற்கு ஒரு வரியே அதிகம். மூன்றாவது வழிதவறல். கணினியை எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணைத்தால், கேட்காமலே ஒலி டிவிப் பக்கம் போய்விடும். புளூடூத் இன்னும் மோசம். அம்மன் பாட்டு வாசலில் நின்ற காருக்குள் ஒலித்ததும் உண்டு (கிராணியார் வாய்மொழி, பெரட்டுக் களம், காலை ஐந்தரை, முதல் கொட்டாவிக்கும் இரண்டாம் கொட்டாவிக்கும் இடைப்பட்ட பகுதி).

நான்காவது துளைமயக்கம். கணினியின் முதுகில் மூன்று துளைகள். பச்சையில் ஒலி வெளியே வரும், இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளி ஒலி உள்ளே போக. மைக்ரோசாப்டும் இன்டெலும் பிசி 99 கையேட்டில் வகுத்த நிறங்கள். மூன்றும் ஒரே 3.5 மில்லிமீட்டர் அளவு என்பதால் எந்தச் செருகியும் எதிலும் போகும். போய் ‘டக்’கென்று நிம்மதியாக உட்காரும். செய்யுளுக்குப் பொருள் கொள்ள நன்னூலில் பவணந்தியார் சொன்ன எட்டுப் பொருள்கோளில் ஒன்று அளைமறிபாப்பு, பொந்துக்குள் நுழையும் பாம்பு தலையை மடக்கித் திரும்புவது. கறுப்பு ஒயர் துளைக்குள் தலை விட்டு வளைந்து நிற்பதைக் கண்டவர்களுக்குப் பவணந்தியார் எதைப் பார்த்து எழுதினார் என்பதில் ஐயம் இராது. மறுப்போர் காண்க: பூசாரியார் வீட்டு நாட்காட்டி, ஆடி மாதத் தாள், பின்பக்கம், மளிகைக் கணக்குக்கும் எண்ணெய்க் கறைக்கும் நடுவே, பென்சில் எழுத்து, மூன்றாம் வரி. நான்காம் வரி இடைச்செருகல், அது பேனா. இன்னொரு பொருள்கோள் கொண்டுகூட்டு. எங்கோ கிடக்கும் ஒயரை இழுத்து வந்து எங்கோ சேர்ப்பது. உரையில் சொற்களை அப்படி இழுத்துச் சேர்த்த நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் திருவிழா ஒலியமைப்பை அவரிடமே விட்டிருக்கலாம்.

துளைமயக்கத்தின் உட்பிரிவு அரைச்செருகல். செருகி முழுதும் இறங்காமல் எர்த் தொடர்பு விட்டுப்போனால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பாடகி குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறையும். ஓரத்து உருமியும் உடுக்கையும்தான் மிஞ்சும். போன ஆடியில் இதைக் கேட்ட ஆய்வாளர் ஒருவர் (நானேதான்) “தோட்டத்து வாய்ப்பாட்டு மரபின் அழிவு” என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். அதற்குள் யாரோ செருகியை அழுத்திவிட்டார்கள். குறிப்பை நான் அடிக்கவில்லை. தலைப்பு நன்றாக இருந்தது.

இந்த ஆடியில் ஆறு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு குமிழைத் திருப்பினோம், எல்லாம் வலப்பக்கம், கடைசிவரை. கூழ்ப் பானையை விட்டு அகப்பையோடு ஆயா வந்தார். குனிந்தார்.

“தம்பி, ஒயரு முனை பச்சையா இருக்கு. நீ ஏன்யா செவப்புல குத்தி வெச்சிருக்க?”

“அது வந்து ஆயா, பொருள்கோள்ல...”

பிடுங்கிப் பச்சையில் செருகினார். குமிழ்கள் நின்ற இடம் அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. செம்பனை மட்டைகளிலிருந்து பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. வாசலில் ஒரு கார் தானாக அலாரம் அடித்தது என்று பிறகு சொன்னார்கள். ஆயா என்னைப் பார்த்து வாயசைத்து நீளமாக ஏதோ திட்டினார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. இது ஐந்தாம் வகையாகலாம்.