வாசகர் வட்டமும் மசால்வடையும்: கிளை நூலகமொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

சங்ககால அணிகலன், காப்பியக் கனவு, சிற்றிலக்கியத்தில் யானை என்று தமிழில் ஆயப்படாத பொருள் அநேகமாக இல்லை. எல்லாம் பல்கலைக்கழக அலமாரிகளில் ரெக்ஸின் அட்டையோடு அடுக்கி நிற்கின்றன. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கிளை நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தைப் பற்றி மட்டும் ஓர் ஏடும் என் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை: ஒரு கிளை நூலகம், ஒரு கூட்டம், 560 பக்கத்தில் ஒரு நாவல். ஊர், நாவல் இரண்டின் பெயரும் ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகின்றன. ஆய்வாளர் அதே ஊரில் தொடர்ந்து குடியிருக்க வேண்டியிருப்பது துணைக் காரணம்.

கருதுகோள்: வாசகர் வட்டத்துக்கு வருபவர்கள், பேசப்படும் நூலைப் படித்துவிட்டு வருகிறார்கள். இது கூட்டம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் முறிந்தது. ஆயினும் கருதுகோள் இல்லாமல் ஆய்வேடு செல்லாது என்பதால் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

2. சொல்லாய்வு

‘வாசகர் வட்டம்’ என்பதில் ‘வாசகர்’ பற்றிப் பின்னர் பேசுவோம். முதலில் ‘வட்டம்’. நூலகத்தில் நாற்காலிகள் நான்கு நேர்வரிசைகளில் ஒலிவாங்கியை நோக்கிப் போடப்பட்டிருந்தன. சதுரம் என்று சொல்லலாம், செவ்வகம் என்றும் வாதிடலாம். வட்டம் என்று எந்த வடிவியலாலும் நிறுவ முடியாது. அரங்கு முழுதும் தேடியதில் வட்டமாக இருந்தவை இரண்டே: டீ டம்ளர் மேசையில் விட்ட தடம், தட்டில் இருந்த மசால்வடை.

அப்படியானால் இச்சொல் எங்கிருந்து வந்தது? 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஊர் நூலகத்துக்குப் போகாவிட்டால் நூலகம் ஊருக்கு வரும் என்ற ஏற்பாடு. அந்த வண்டிக்குச் சக்கரங்கள் இருந்தன; சக்கரம் வட்டம்; ஆகவே வாசகர் வட்டம். இந்தச் சொற்பிறப்பை மொழியியல் அறிஞர்கள் ஏற்க மாட்டார்கள். அவர்கள் ஏற்ற சொற்பிறப்புகளில் சிலவற்றை நானும் ஏற்கவில்லை.

3. வரலாற்றுப் பின்னணி

பொது நூலகத்துக்கென்று விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. சென்னைப் பொது நூலகச் சட்டம், 1948. கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சி, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் கனவு, இரண்டும் கூடிப் பிறந்த குழந்தை. அதன்படி இன்று நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ஆக, நூலக வாசலை மிதிக்காதவரும் அங்குள்ள நாற்காலியின் ஒரு காலுக்காவது சொந்தக்காரர். வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர் யாரோ அவர், வரி மட்டும் கட்டுகிறவர் என்று அறிக. வாரவிடுமுறை வெள்ளி என்பது வாசகனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

வடை நூலக வரியில் சேராது. அது வட்டத் தலைவர் ஐயாவின் கைக்காசு. நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலரானவர் அவர். சுவர்ப் பலகையில் தம் பெயரில் ஒரு கால் எழுத்து விடுபட்டிருப்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டுவார்.

4. ஒப்பாய்வு

ஒப்பாய்வு இல்லாத ஆய்வு உப்பில்லாப் பண்டம். எனவே சியாட்டில். அந்த அமெரிக்க நகரத்தில் 1998இல் நூலகர் நான்சி பேர்ல் ஒரு திட்டம் போட்டார்: ஊரே சேர்ந்து ஒரே நாவலைப் படித்துப் பேச வேண்டும். ரஸ்ஸல் பேங்க்ஸின் நாவல் ஒன்று தேர்வாயிற்று. 2001இல் சிகாகோ, ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை எடுத்துக்கொண்டது. பிறகு பல ஊர்களுக்கும் இது பரவியது.

அங்கே ஓர் ஊருக்கு ஒரு நூல். இங்கே ஓர் ஊருக்கு ஒரு பிரதி. கோட்பாட்டளவில் இரண்டும் ஒன்றுதான். நடைமுறையில் சிறு வேறுபாடு உண்டு. எங்கள் நூலகத்தில் இரவல் கெடு பதினைந்து நாள். கூட்டத்துக்கு வந்தவர்கள் 28 பேர். ஆளுக்குப் பதினைந்து நாள் என்றால் அனைவரும் படித்து முடிக்க 420 நாள். (இந்த எண்ணுக்கு வேறு பொருள் கற்பிக்க வேண்டாம்.) கூட்டமோ மாதம் ஒருமுறை. ஆகவே இருவருக்கு மேல் யாரும் படித்துவிட்டு வர இயலாது. அந்த மாதம் முழுதும் புத்தகம் சிறப்புரையாளர் வீட்டில் இருந்தது. அவர் ஒருமுறை புதுப்பித்தும் வைத்துக்கொண்டார். மீதி 27 பேர் படிக்காமல் வந்ததற்குச் சோம்பல் காரணமன்று, வகுத்தல் கணக்கு.

5. கள ஆய்வு

அழைப்பிதழில் ‘மாலை சரியாக 4 மணி’. தமிழில் ‘சரியாக’ என்னும் அடை, வினை நிகழும் காலத்தைத் தள்ளிப்போடுவது. 4.20க்கு நாற்காலி துடைக்கப்பட்டது. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம் என்று ஒருவர் நினைவூட்ட, அப்படியென்றால் நாலரைக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்று பகுத்தறிவாளர் ஒருவர் எழுந்து நின்றார். 4.28க்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, 4.32க்கு வரவேற்புரை என்று சமரசம் ஏற்பட்டது. இருவரும் வென்றதாகவே உட்கார்ந்தார்கள்.

ரங்கநாதன் உலக அறிவனைத்தையும் முக்காற்புள்ளியை வைத்தே பகுத்தவர். 1933இல் வந்த அவருடைய பகுப்பு முறைக்கே அப்புள்ளியின் பெயர்தான். எங்கள் வட்டத்தைப் பகுக்கக் காற்புள்ளி போதும்: குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் பதினொருவர், நாளிதழ் வாசகர்கள் ஐவர், வட்டத்தின் நிலையான உறுப்பினர்கள் எண்மர், மனைவியை மருத்துவரிடம் விட்டுவிட்டு நேரம் போக்க வந்தவர் ஒருவர், சிறப்புரையாளர், வட்டத் தலைவர், நான்.

தேர்வு மாணவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் அல்லர். கூட்டம் அவர்களிடம் வந்தது. காலை எட்டு மணியிலிருந்து அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியே நாலு மணிக்கு அரங்க நாற்காலி ஆயிற்று. எழுந்தால் இடம் போய்விடும் என்பதால் மடியில் பொது அறிவுப் புத்தகத்தை விரித்தபடி வரவேற்புரையைக் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்த ஒரே அறிவார்ந்த வினாவும் அவர்களுடையதே: “சார், இந்த நாவலுக்கு சாகித்ய அகாதெமி எந்த வருஷம் குடுத்தாங்க?” நூலகர் மேடம் சொல்வார் என்று சிறப்புரையாளர் கைகாட்டினார். மேடம் டீயை எண்ணிக்கொண்டிருந்தார்.

6. வினைச்சொல் ஆய்வு

இவ்வியலே இவ்வாய்வின் உயிர்நாடி. ‘படிச்சுட்டீங்களா?’ என்ற ஒரே வினாவை நிலையான உறுப்பினர் எண்மரிடமும் கேட்டேன். ‘இல்லை’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ‘படித்தேன்’ என்றும் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே தமிழ் எவ்வளவு பெரிய மைதானத்தை விட்டுவைத்திருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

‘புரட்டினேன்’ என்றார் ஒருவர். தோசைக்கும் புத்தகத்துக்கும் பொதுவான வினை. இரண்டிலும் உள்ளே வெந்ததா என்பது புரட்டினவருக்குத் தெரியாது. ‘மேலோட்டமா பாத்தேன்’ என்பது பின்னட்டையைக் குறிக்கும். ‘அதெல்லாம் அந்தக் காலத்துலயே படிச்சது’ என்பதை மறுக்க வழியில்லை. நாவல் வெளிவந்தபோது சொன்னவருக்கு வயது ஏழு என்று கணக்குப் போட்டாலொழிய. ‘வீட்ல இருக்கு’ என்பது வினையே அன்று, சொத்து விவரம். ‘அவர எனக்கு நல்லாத் தெரியுமே’ என்பது எழுத்தாளரைப் பற்றியது. ஆளைத் தெரிந்தபின் நூல் எதற்கு என்பது குறிப்புப் பொருள். ‘படமா வந்துச்சே’ என்றவரிடம் இந்த நாவல் படமாகவில்லை என்றேன். அப்படியானால் இனிமேல் வரும் என்றார்.

எல்லாவற்றிலும் தலையாயது ‘படிச்சுக்கிட்டு இருக்கேன்’. இலக்கண நூலார் இதை நிகழ்காலம் என்பர். கள ஆய்வில் இது முக்காலத்துக்கும் உரியதாகத் தெரிகிறது: தொடக்கமும் முடிவும் அற்று, மலையும் கடலும்போல இயங்கிக்கொண்டே இருப்பது. இதைச் சொன்ன இருவரில் ஒருவர் சென்ற ஆண்டும், வேறொரு நூலுக்கு, இதையே சொன்னார்.

7. ஐந்து விதிகளும் அன்றைய நிலவரமும்

கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அன்று ஒலிவாங்கியின் உயரம் போதாமல் அதன் அடியில் வைக்கப்பட்ட இரண்டு தடித்த தொகுதிகள் இவ்விதியை ஐயமின்றி நிறைவேற்றின. நான்காம் விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ‘நேரமின்மை காரணமாக ஒரே ஒரு கருத்தைச் சொல்லி அமர்கிறேன்’ என்று தொடங்கிய வாழ்த்துரை இருபத்திரண்டு நிமிடம் நின்றது. நூலகம் வளர்ந்துகொண்டே போகும் உயிர் என்பது ஐந்தாம் விதி. நன்றியுரையும் அவ்வகை உயிரே. ஒலிவாங்கி கொடுத்தவர், மின்சாரம் தடைபடாமல் இருந்தது, மழை வராமல் இருந்தது என அது கிளைவிட்டுக்கொண்டே போனது.

இரண்டாம் விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாம் விதி: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இவ்விரண்டும் அன்று தோற்றன என்றே குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அடித்தேன்; ஏன் என்பது அடுத்த இயலில்.

8. தரவும் திருப்பமும்

சிறப்புரையாளர் ஓய்வுபெற்ற அஞ்சல்துறைக்காரர். நன்றாகவே பேசினார். நாவலின் கிராமத்தை, ஆற்றை, கதாநாயகியின் மாமியாரைக் கண்முன் நிறுத்தினார். ஒரு விடியற்காலையில் கதாநாயகி தகரப்பெட்டியோடு பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறாள். அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தார். “இதுக்கு மேல நான் சொல்லமாட்டேன். முடிவைச் சொல்றது எழுத்தாளருக்குச் செய்யுற துரோகம். நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க” என்று அமர்ந்தார். கைதட்டல்.

அப்போது டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த டீக்கடை அக்கா நிமிர்ந்து கேட்டார்: “சார், அந்தப் பொண்ணு பஸ் ஏறுச்சா இல்லையா?”

சிறப்புரையாளர் புன்னகைத்தார். புன்னகை சற்று நீண்டது. “படிங்கம்மா, படிச்சுப் பாருங்க.”

நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டே இவ்வாய்வின் முதன்மை ஆதாரம். சிறப்புரையாளருக்கு முந்தைய முத்திரை ஆறு ஆண்டு பழையது. மை பழுத்து வெளிறியிருந்தது. கூட்டத்துக்கு அடுத்த நாள் காலை டீக்கடை அக்கா தம் மகளின் உறுப்பினர் அட்டையோடு வந்து நின்றார். அடுத்து, மனைவியை மருத்துவரிடம் விட்டுவந்தவர். அடுத்து, குரூப் 4 மாணவர் ஒருவர். பரீட்சை முடிந்த அன்றே எடுத்தார். நூலகர் மேடம் காத்திருப்போருக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று போட நேர்ந்தது. முத்திரைகள் நீலமாகப் பளிச்சென்று, ஒன்றன்கீழ் ஒன்று, பதினைந்து நாள் இடைவெளியில் இறங்கிக்கொண்டிருந்தன. என் முறை நான்காவது.

புத்தகம் கைக்கு வந்ததும் நடுவே ஏதோ தடித்துத் தெரிந்தது. பிரித்தேன். 214ஆம் பக்கம், பேருந்து நிலையம், தகரப்பெட்டி. அந்த இடத்தில் நாட்காட்டித் தாள் ஒன்று அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. எனக்கு முன் படித்தவர்கள், பெரியவர் வைத்த அடையாளம் என்று எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். தாளின் தேதி, கூட்டம் நடந்த அதே ஞாயிறு. அன்று காலை அவர் வந்து சேர்ந்திருந்த பக்கம் அது. முடிவை அவர் மறைக்கவில்லை. அவருக்கே தெரியாது.

9. முடிவுரை

மேற்கண்ட தரவுகளால் பெறப்படும் முடிபு: ஊரை ஒரு நூலைப் படிக்கவைக்க வல்லவர், அதை முழுதும் படித்தவர் அல்லர், பாதியில் நின்றவர். முழுதும் படித்தவர் கதையை முடித்துவைத்து எல்லாரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 214ஆம் பக்கத்தில் நின்றவர் ஊரையே பேருந்து நிலையத்தில் நிற்கவைப்பார். 560 பக்க நாவல் ஒன்று ஆறு ஆண்டு உறக்கத்திலிருந்து எழுந்து நடக்க, படிக்காத 27 பேர், பாதி படித்த ஒருவர், ஒரு தட்டு மசால்வடை போதுமானவை. மூன்றாம் விதிக்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

படித்துவிட்டுத்தான் வாசகர் வட்டத்துக்குப் போக வேண்டும் என்று தயங்கி வீட்டிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாருங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் பெரும்பாலும் ஒரு வட்டம் இருக்கும். கதவருகே அறிவிப்புப் பலகையில் தேதி எழுதியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போய்ப் பார்க்காதீர்கள். எங்கள் ஊரில் அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு. சிறப்புரை நான்தான், வேறொரு நாவல். படிச்சுக்கிட்டு இருக்கேன். நாலு மணி என்று போட்டிருக்கும்; 4.28க்கு வந்தால் போதும்.