லீஸில் வந்த ராஜ்ஜியம்

மைசூர் ராஜ்ஜியம் கடைசிவரை ஓர் ஐ.பி. முகவரிதான். பார்த்தால் சொந்தம் மாதிரி இருக்கும். கொடுத்தவன் வேறெங்கோ உட்கார்ந்திருப்பான், கெடு முடிந்தால் பிடுங்கிக்கொள்வான். சரித்திரப் பேராசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டது அவர்கள் குற்றமில்லை. நெட்வொர்க் கேபிள் இழுத்துப் பழகியிருக்க வேண்டும்.

ஐ.பி. முகவரி வழங்கும் டி.ஹெச்.சி.பி. நெறிமுறையின் சங்கதி இவ்வளவுதான். புதிதாக நுழையும் கம்ப்யூட்டருக்கு முகவரி கிடையாது. யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. அதனால் '0.0.0.0 பேசறேன், யாராவது முகவரி கொடுங்கப்பா' என்று தன் செக்மென்ட் முழுக்கக் கூவும். அந்தக் கூவலை ரவுட்டர் தாண்டவிடாது. சர்வர் அந்தப் பக்கம் இருந்தால் கூவியவர் பாடு அதோகதி. 1984-ல் வந்த ஆர்.ஏ.ஆர்.பி.க்குத் தெரிந்த ஒரே வைத்தியம், செக்மென்ட்டுக்கு ஒரு சர்வர் வைப்பது. மறு ஆண்டு பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி, நடுவில் ஒரு ஆளை நிறுத்த வழி செய்தது. அந்த ரிலே ஏஜென்ட் கூவலைக் கேட்டு, விண்ணப்பத்தில் தன் முகவரியையும் குறித்து, சர்வருக்கு நேராக அனுப்பும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்தப் பேட்டைக்கான எண்ணைக் கொடுப்பதென்று சர்வர் தீர்மானிக்கும். 1993-ல் பக்னெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் டிராம்ஸ், இதோடு கெடு வைத்துக் கொடுக்கும் லீஸையும் சேர்த்து டி.ஹெச்.சி.பி.யாக எழுதி வெளியிட்டார்.

மைசூர் அரண்மனைக்கு இதெல்லாம் பழைய செய்தி.

ஹைதர் அலி காலத்தில் ராஜவம்சமான உடையார் குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெயரளவுக்கு இருந்தது. ராணி லட்சுமி அம்மணி எவ்வளவு கூவினாலும் கோட்டைச் சுவரைத் தாண்டாது. அவர் பிடித்த ரிலே ஏஜென்ட், பிரதான் திருமலை ராவ். அந்த மனிதர் நம்ம தஞ்சாவூரில் இருந்துகொண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் சல்லிவனோடு 1782-ல் ஓர் உடன்படிக்கை போட்டார்: ஹைதரை வீழ்த்தினால் ராஜ்ஜியம் ராணிக்கு. சர்வரிடமிருந்து ஆஃபர் வந்தாயிற்று. உறுதிச் சீட்டு வரத்தான் 17 வருஷம் பிடித்தது.

1799 மே மாதம் ஹைதரின் மகன் திப்பு விழுந்தார். ஜூன் 30-ல் ஐந்து வயது நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பட்டம். வாடகை, ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன். ஹைதருக்கும் திப்புவுக்கும் கணக்குப் பார்த்த அதே பூர்ணையாதான் புது ஆட்சிக்கும் திவான். சர்வர் மாறினாலும் அட்மின் மாறுவதில்லை.

லீஸ் எடுத்த கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கெடுவில் பாதி கழிந்ததுமே, கொடுத்த சர்வரிடம் போய்ப் புதுப்பித்துத் தரச் சொல்லும். பதில் வராமல் எட்டில் ஏழு பங்கு கழிந்தால், யாராவது கொடுங்கள் என்று மறுபடி கூவத் தொடங்கும். ராஜாவுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. 1831-ல், நகர் பகுதிக் கலகத்தைக் காட்டி, பெண்டிங்க் பிரபு நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மனு எழுதும் படலம்.

லீஸ் போன கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். பக்கத்து மேசையோடு பேசலாம். ரவுட்டரைத் தாண்ட முடியாது. கிருஷ்ணராஜரும் அப்படித்தான், அரண்மனைக்குள் மட்டும் மகாராஜா. கஞ்சிஃபா சீட்டாட்டங்களை வகுத்தார். சதுரங்கக் குதிரை 64 கட்டத்தையும் ஒவ்வொரு முறை மட்டும் மிதிக்கும் புதிர்களைப் போட்டார். லோக்கல் டிராஃபிக் அமோகம்!

மனுக்கள் கல்கத்தாவுக்குப் போயின, லண்டனுக்குப் போயின. இதற்கிடையில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் என்ற பதவியையே 1843-ல் ஒழித்துவிட்டார்கள். அப்புறம் ராஜாவுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே நின்றவர் கமிஷனர் மார்க் கப்பன். அதாவது, லீஸ் ரத்தானதால் உத்தியோகம் கிடைத்தவர். இப்படிப்பட்ட ரிலேயை வைத்துக்கொண்டு பாக்கெட் போய்ச் சேரும் என்று ராஜா நம்பினாரே, அந்த மனசுக்கே ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

கொடுக்கவில்லை. 1867-ல் தத்துப் பிள்ளைக்கு லண்டன் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ராஜா கண்ணை மூடினார். 1881-ல் அந்தப் பிள்ளை, 18 வயது சாமராஜேந்திரருக்கு லீஸ் புதுப்பிக்கப்பட்டது. 24.5 லட்சம் ரூபாயாக இருந்த கப்பம் 35 லட்சமாகும் என்ற நிபந்தனையோடுதான். வீட்டுக்காரர் குணம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

1947-ல் சர்வரே மூட்டை கட்டியது. ஜெயசாமராஜேந்திர உடையார் டெல்லி என்ற புது சர்வரிடம் கையெழுத்திட்டு, மகாராஜா, ராஜப்பிரமுகர், மைசூர் கவர்னர் என்று வரிசையாக முகவரி வாங்கினார். 1964-ல் செக்மென்ட் மாறி, மெட்ராஸ் கவர்னராக கிண்டி ராஜ்பவனில் வந்து இறங்கினார். இந்த முறை மனு, ரிலே, 17 வருஷக் காத்திருப்பு எதுவும் தேவைப்படவில்லை.