அரக்கோணத்தில் ஓர் அரண்மனை

வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறைக்கு அழும் வாடகையைவிடக் குறைவாக அரக்கோணத்தில் தோட்டத்தோடு தனி வீடே கிடைக்கும்போது யோசிப்பானேன்? சென்ட்ரலிலிருந்து வெறும் 69 கிலோமீட்டர். புறநகர் ரயில் ஓடுகிறதென்றால் அதுவும் சென்னைதானே! சீசன் டிக்கெட்டோ கொள்ளை மலிவு.

காலையில் புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார்ந்து தூங்கலாம். மாலையில் ஆவடி தாண்டும்வரை நின்றபடி தூங்கலாம். நாலாபுறமும் நெருக்கும் தோள்கள் விழவிடாது. ஐந்து மணிக்கே குக்கர் விசில் அடிப்பதால் அலாரச் செலவும் மிச்சம்.

தோட்டத்தில் மாமரம் இருக்கிறதாம், பக்கத்து வீட்டம்மா சொன்னார். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர் எங்கே பார்ப்பது?

மிச்சமான வாடகையையும் வீணாக்கவில்லை. கடைசி ரயிலைத் தவறவிடும் இரவுகளுக்கென்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறை எடுத்தாயிற்று. இப்போது திங்கள் முதல் சனி வரை ஜாகை அங்கேதான். மாங்காயை ஊர்ப் பையன்கள் பறித்துக்கொள்கிறார்கள். உள்ளூர்ப் பொருளாதாரமும் வளர வேண்டாமா?