ஆப்பிள் வினிகர் மகாத்மியமும் குலுக்கல் வாதமும்

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவான வரலாற்றைப் பண்டிதர் பலர் எழுதிவிட்டனராயினும், அந்நகரத்து மருந்துக் கடைகளில் இருமல் மருந்துக்கும் குழந்தை மாவுக்கும் இடையே ஆப்பிள் சிடர் வினிகர் எழுந்தருளியிருக்கும் விசேஷத்தை ஒருவரும் ஆராயாது விட்டமையால், அப்பெருங்குறையை நீக்கும் பொருட்டு இவ்வாராய்ச்சி எழுகிறது.

ஆப்பிள் சாற்றின் சர்க்கரை ஈஸ்டினால் மதுவாகி, அம்மது பாக்டீரியாவினால் அசெட்டிக் அமிலமாகி, நூற்றுக்கு ஐந்து பங்களவு அமிலமும் எஞ்சியது பெரும்பாலும் நீருமாக அவதரிப்பதே இத்திரவம். இதன் பலன்களாவன:

கேசம்: தேய்த்தவர் உளர், மேற்கொண்டு தகவல் இல்லை.

தந்தம்: நீர் கலவாது குடித்துவந்தால் எனாமல் கரையும்.

சர்க்கரை: உணவோடு பருகினால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் சிறிது தணிவதாகச் சிறு சோதனைகள் சில காட்டியுள்ளன. ஆராய்ச்சிக்கு உதவாத அளவு எளிய விஷயமாதலின் இதை விட்டுவிடுகிறோம்.

ஸ்தூல சரீரம் இளைத்தல்: லெபனான் தேசத்து இளைஞரை வைத்து 2024-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று இப்பலனை முழங்கிற்று, எண்களை நம்ப இயலவில்லை என்று 2025-இல் வெளியிட்ட பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் பேராசிரியர்களின் ஆய்வுகளுக்கு இத்தகைய அவமானம் நேராது. எண் என்று ஒன்று இருந்தாலன்றோ பிழைபடும்?

1958-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்து வைத்தியர் ஜார்விஸ், தேனும் வினிகரும் கலந்து பருகும்படி நூல் செய்தார். கல்வராயன் மலைத் தேனைக் கொண்டு இதைச் சோதிக்கப் புகும் இல்லங்களில் தேன் முதலில் தீர்ந்து வினிகர் மட்டும் எஞ்சுவது ஊன்றி நோக்கத்தக்கது.

இனி, இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடியான வினா. பாக்டீரியாவும் நாரும் பின்னிப் புட்டியின் அடியில் படியும் வஸ்துவை, ஊற்றுமுன் குலுக்கிக் கலக்குவதா, தெளிவை மட்டும் இறுத்துக்கொள்வதா? அடியில் உறங்கும் சத்து எழுப்பாமல் எழாது என்பர் குலுக்கல்வாதிகள் (காண்க: ‘கச்சிராயபாளையம் டீக்கடை பாஷ்யம்’, இரண்டாம் பெஞ்சு, மேற்கு முனை). முன்னோர் சாம்பாரைக் கலக்கினாரேயன்றி ரசத்தைக் கலக்கினாரல்லர். வினிகரோ புளிப்பினால் ரச வர்க்கத்தது என்று மறுப்பர் அசலவாதிகள். இவர்களுக்கு ஆதாரம், சின்னசேலம் ரயிலடியில் வண்டி தாமதித்த வேளையில் அருளப்பெற்று, மருந்துச் சீட்டின் பின்புறம் பென்சிலால் எழுதப்பட்டு, மேற்பாதி கிழிந்து, கீழ்ப்பாதியில் மிளகு மடிக்கப்பட்டுக் கிடைத்த ஏகப் பிரதியாகும். ஒரே பிரதியாயினும் அதற்குப் பதினேழு பாடபேதங்கள் காட்டியுள்ளோம். இவ்வித்தையைப் பல்கலைக்கழகத்திலேயே கற்றோம்.

இவ்விவாதத்தை முடித்துவைத்தது ஒரு சாலை. கள்ளக்குறிச்சியில் வாங்கிய புட்டி, கச்சிராயபாளையம் கடந்து, கொண்டையூசி வளைவுகளில் பேருந்தோடு ஏறி வெள்ளிமலையில் இறங்குகையில், எவர் குலுக்காமலும் முற்றிலும் கலங்கிவிடுகிறது. ஆகவே 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்த கல்வராயன் மலைமேல் அசலவாதம் வேரூன்றவில்லை. அங்கே குடியேறும் அசலவாதி, புட்டியை இரண்டு நாள் திண்ணையில் அசையாது நிறுத்திய பின்னரே தம் சித்தாந்தத்தைத் தொடங்க இயலும். அவ்விரண்டு நாளும் அவர் பானையிலுள்ள நீராகாரத்தைப் பருகினால் சோதனை கெடுமா என்பது வேறு ஆராய்ச்சி; அதற்கு மானியம் கோரி விண்ணப்பித்திருக்கிறோம்.