வெள்ளை ஏறும் பாத்தி

எங்கள் பாத்தி ஒரு முழ நீளம், அரை முழ அகலம். மரக்காணம் உப்பளத்தின் வரப்போரம், அம்மாவும் அத்தைகளும் கூடை சுமந்து போகும் வழிக்குச் சற்றுத் தள்ளி, களிமண்ணைக் குதிகாலால் மிதித்து இறுக்கிக் கட்டினோம். மிதி சரியில்லையென்றால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், விளைகிற உப்பும் கறுத்துப் போகும் என்பது ஆறு வயதிலேயே எங்களுக்குத் தெரியும். தண்ணீர் மொள்ளக் கொட்டாங்குச்சி. உப்பு வார, உடைந்த பெட்டிப் பலகையில் குச்சி கட்டி ஒரு பலகை.

சொப்புச் சாமானில் ஆக்கிய சோற்றை யாரும் தின்ன முடியாது. பூவரச இலை டிக்கெட்டை வைத்துக்கொண்டு திண்டிவனம் போக முடியாது. எங்கள் பாத்தியில் மட்டும் நிஜமாகவே உப்பு விளைந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு. டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டால் ஏறக்குறைய 3 காட்டும். பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டி, பத்தில் ஒரு பங்காக வற்றி 25-ஐத் தொட்டால்தான் உப்பு பூக்கும். நாங்கள் பொறுமை இல்லாதவர்கள். கடைசிப் பாத்தியில், பெரியவர்கள் மாதக்கணக்கில் காய வைத்த தண்ணீரை மொண்டு வந்துவிடுவோம். மறுநாளே ஓரத்தில் வெள்ளை ஏறும்.

அது 1980-கள். இந்தப் பக்கமெல்லாம் அப்போது தென்னாற்காடு மாவட்டம். விளையாட்டில் மூத்தவன் லாரி டிரைவர். இன்னொருவன் பாண்டிச்சேரி பஸ்ஸுக்குக் கண்டக்டர். நான் டிகிரி பார்க்கிறவர். பப்பாளித் தண்டைத் தண்ணீரில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இருபத்தஞ்சு ஆயிடுச்சு, வாரலாம்" என்று கத்துவேன். பெரியவளானதும் அந்த வேலைதான் என்று முடிவே செய்திருந்தேன். டிகிரி பார்க்க வருகிறவர் செருப்பு போட்டிருப்பார், அவர் கால் நனையாது. கூடை சுமக்கிறவளாக இருக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வராது. எங்களில் கடைக்குட்டியின் தலையில் அதைக் கட்டுவோம். அவள் ஒவ்வொரு நாளும் அழுதாள். நாங்கள் ஒரு நாளும் மாற்றிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஒரு நாள் அம்மா வந்தாள். புடவைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, கண் இரண்டும் வெள்ளை வெயிலில் சிவந்திருந்தன. பாத்தியைப் பார்த்தாள், ஓரத்தில் ஏறியிருந்த வெள்ளையைப் பார்த்தாள். வெடித்த குதிகாலால் ஒரே இழுப்பில் வரப்பை அழித்தாள். "இதத் தவிர வேற எது வேணா வெளையாடுங்க." தண்ணீர் திருடியதற்குத்தான் கோபம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. மணல் வீடு கட்டும் சிறுமிகள், அதைச் சிதைக்க வரும் ஆண்பிள்ளையிடம் சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். சங்கப் பாட்டின் நெய்தல் கரையிலும் சிற்றில் இருக்கிறது, அங்கே அலை வந்து அழிக்கும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளும் இதே மண்ணில் எதையாவது கட்டியிருப்பார்கள். ஆனால் அம்மா வந்து அழித்த சிற்றிலை நான் எந்தப் பாட்டிலும் பார்க்கவில்லை.

நான் டிகிரி பார்க்கப் போகவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக அங்கன்வாடியில் இருக்கிறேன். லாரி டிரைவர் இன்று உண்மையிலேயே லாரி ஓட்டுகிறான், ஏற்றுவது எம்.சாண்ட். கண்டக்டர் சென்னையில் எங்கோ. கடைக்குட்டி இன்னும் உப்பளத்தில் கூடை சுமக்கிறாள். அவளுடைய பேத்தி என்னிடம் வருகிறாள், நான்கு வயது.

என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால் போலீஸ், டாக்டர், டீச்சர் என்பார்கள். பையன்களில் பாதிப் பேருக்கு ஜேசிபி ஓட்ட வேண்டும். சுவரில் கடையில் வாங்கிய தொழிலாளர் படத்தாள் இருக்கிறது. தச்சர், தையல்காரர், தபால்காரர் எல்லாரும் உண்டு, உப்பு எடுப்பவர் இல்லை. இந்தப் பேத்தி மட்டும், "ஆயா கூட உப்பளத்துக்குப் போவேன்" என்றாள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உப்பளம் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தவள் நான். மழை மாதங்களில் வேலையில்லாத குடும்பத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்பதும் தெரியும்.

போன பங்குனியில் ஒரு நாள், முற்றத்து மூலையில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். நடுவில் அவள். ஒரு முழ நீளம், அரை முழ அகலம். குழாயடியிலிருந்து மக்கில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கூடை சுமக்க எனக்கு உனக்கு என்று சண்டை. யார் சுமக்கலாம் என்று அவள்தான் முறை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆயா வருகிற நேரம். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கியும்விட்டேன்.

"மிதிக்காத டீச்சர், வெள்ள ஏறுது" என்றாள் பேத்தி.

பின்னால் ஆயா நின்றிருந்தாள். அதே முழுக்கைச் சட்டை, அதே சும்மாடு. குனிந்து பாத்தியைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். தரையைக் குதிகாலால் ஓரிடத்தில் அழுத்தினாள், இன்னோரிடத்தில் அழுத்தினாள்.

"மிதி பத்தல" என்றாள். "கொழாத் தண்ணில வெளையவும் வெளையாது."

மறுநாள் காலை பேத்தியின் சாப்பாட்டுப் பையில் ஒரு பாட்டில் இருந்தது. கடைசிப் பாத்தித் தண்ணீர்.